புஷ்பக்கில் மீனம்பாக்கத்துக்கு: பழைய சிறு விமானத்தைச் சென்னையில் இறக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை விமான நிலையத்தின் பிரதான ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். இரண்டு பேர் உட்காரும் ஒரு பழைய விமானம் தொட்டு, ஓடி, நிற்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு தாராளம். எனவே அங்கே இறங்க இடம் போதுமா என்ற கவலையே வேண்டாம். சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. ஓடுபாதைக்கு 10 கடல் மைல் முன்னால் இருக்கும் ஏர்பஸ் 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வந்தால் நான்கே கால் நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடும். 60 நாட் வேகத்தில் வருகிற உங்களுக்கு அதே தூரம் 10 நிமிடம். அந்த இடைவெளியில் உங்கள் முதுகுக்குப் பின்னால் எத்தனை விமானங்கள் வரிசை கட்டும் என்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

மெதுவாகப் பறப்பது குற்றமில்லை. தேர் வருகிற மாடவீதியில் சைக்கிளில் போகிறவரை யாரும் திட்டுவதில்லை, அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரிந்திருக்கும் வரை. இந்த வழிகாட்டியில் வருவது எல்லாமே அந்த ஒன்றுக்காகத்தான்: நீங்கள் எப்போது, எங்கே, எந்த உயரத்தில், என்ன வேகத்தில் இருப்பீர்கள் என்பது கட்டுப்பாட்டாளருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதில் முக்கால்வாசி வேலை தரையில், தொலைபேசியிலும் காகிதத்திலும் முடிவது.

எடுத்துக்காட்டாக, புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஒரு புஷ்பக் விமானத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். பெங்களூரு ஹெச்.ஏ.எல். கட்டிய விமானம் அது. 1958-இல் முதலில் பறந்தது. 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், தலைக்கு மேல் இறக்கை, துணி போர்த்திய உடல், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். நாட்டின் பறத்தல் கழகங்களில் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். டைகர் மாத் என்ற பழைய பிரிட்டிஷ் இரட்டை இறக்கை விமானம் வைத்திருப்பவர்களுக்கான வேறுபாடுகளை ஆங்காங்கே சொல்கிறேன்.

விமானம் அதற்கு ஏற்றதா?

முதல் கேள்வி, உங்கள் விமானத்தில் பிரேக் இருக்கிறதா? வாலில் இருப்பது சக்கரமா, வெறும் சறுக்குக்கட்டையா? 1931-இல் வந்த டைகர் மாத், மூல வடிவத்தில் பிரேக் இல்லாதது, வாலில் சறுக்குக்கட்டை. புல்தரையில் அந்தக் கட்டை மண்ணைக் கீறிக்கொண்டு பிரேக் வேலையையும் திசை பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும். கான்கிரீட்டில் இரண்டும் நடக்காது. பக்கக்காற்று சற்று வீசினாலும், இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் கூடவே நடக்க வேண்டும். சர்வதேச நிலையத்தின் டாக்ஸிவேயில், அதாவது ஓடுபாதையையும் நிறுத்துமிடத்தையும் இணைக்கும் பாதையில், அதை யாரும் அனுமதிக்கப் போவதில்லை. வால் சக்கரமும் பிரேக்கும் பொருத்தப்பட்ட டைகர் மாத் என்றால் யோசிக்கலாம். மற்றவர்கள் புதுச்சேரியிலேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் வரலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இரண்டாவது மின்சாரம். கையால் புரொபெல்லரைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் விமானங்கள் பலவற்றில் ஜெனரேட்டரே கிடையாது. ரேடியோவும், ரேடாருக்கு உங்களை அடையாளமும் உயரமும் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியும் இல்லாமல் சென்னை வான்வெளிப் பக்கம் போவதை நினைத்தும் பார்க்காதீர்கள். பேட்டரியில் ஓடும் கருவிகளைப் பொருத்தினால், அங்கீகாரம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துடன் பொருத்துங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைக் கம்பெனி அட்டையில் படித்து நம்ப வேண்டாம். தரையில் ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். திறந்த காக்பிட் என்றால் ஹெட்செட்டின் மைக்கில் காற்று இரைச்சல் ஏறும். பறக்கும் வேகத்தில் பேசி, அடுத்த முனையில் கேட்பவருக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிகிறதா என்பதை உங்கள் ஊர் வானிலேயே சோதித்துவிடுங்கள்.

காகிதங்கள்

பதிவுச் சான்றிதழ், பறக்கும் தகுதிச் சான்றிதழ், காப்பீடு, விமானத்தின் ரேடியோ உரிமம், உங்கள் விமானி உரிமம், ரேடியோ இயக்கும் உரிமம், மருத்துவச் சான்று. அசலும் இருக்கட்டும், நகலும் இரண்டு செட் இருக்கட்டும். காப்பீட்டில் மூன்றாம் நபர் இழப்புக்கான தொகையைத் தனியாகப் பாருங்கள். உங்கள் கொட்டகைக்கு அருகில் நிற்பது இன்னொரு புஷ்பக். சென்னையில் அருகில் நிற்பது பல நூறு கோடி ரூபாய் விமானம்.

இதன் பிறகுதான் உண்மையான வேலை. விமானிகளுக்கான அதிகாரப்பூர்வத் தகவல் தொகுப்பான ஏ.ஐ.பி.யில் சென்னைக்கான பக்கங்களை முழுதாகப் படியுங்கள். ஓடுபாதைகள், டாக்ஸிவே வரைபடம், அலைவரிசைகள், சிறு விமானங்களுக்கான நேரக் கட்டுப்பாடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. விமானிகளுக்கான அன்றைய அறிவிப்பான நோட்டாம் அதை மாற்றியிருக்கலாம் என்பதால் அதையும் சேர்த்துப் படியுங்கள். நிலையத்தை நடத்தும் விமான நிலைய ஆணையத்திடம் இறங்கும் நேரமும் நிறுத்துமிடமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிறுத்துமிடம் உறுதியாகாமல் கிளம்பவே கூடாது.

தரைச்சேவை நிறுவனம் ஒன்றை அமர்த்த வேண்டியிருக்கும். அவர்கள் தினமும் கையாள்வது தனியார் ஜெட்டுகளை. ஆகவே தொலைபேசியில் பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "சார், இது வால் சக்கர விமானம். இழுவை வண்டியை மாட்ட இதில் இடமே இல்லை. நாலு பேர் கையால் தள்ளினால் போதும், ஆனால் எங்கே கை வைக்கலாம் என்று நான் காட்டிய பிறகுதான் தொட வேண்டும்." துணி போர்த்திய வால் பகுதியில் ஓர் ஆர்வக்கோளாறு கட்டைவிரலை அழுத்தினால், அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

பறக்கும் நாளில், விமானத் திட்டத்தைப் புறப்பாட்டுக்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பு கொடுத்தாக வேண்டும். அதைத் தொடர்ந்து விமானத் தகவல் மையத்தின் எண்ணும் விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் கிடைக்கும். இரண்டையும் முழங்கால் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இந்த அனுமதி நேரத்தோடு கட்டுப்பட்டது. எஞ்சின் மக்கர் செய்து புறப்பாடு தள்ளிப்போனால் பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஏறிவிடாதீர்கள். திரும்பக் கேட்டு வாங்குங்கள். கேமரா ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: வானிலிருந்து படம் எடுக்கத் தனி அனுமதி தேவை. இறக்கைத் தண்டில் குட்டிக் கேமராவை ஒட்டிக்கொண்டு சென்னையில் இறங்கினால், பாதுகாப்புப் படையினருக்குப் பதில் சொல்லிக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறக்க வேண்டியதுதான்.

எந்த மாதம், எந்த மணி

கண்பார்வை விதிகளின்படி, அதாவது கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்துப் பறப்பவர், சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பிறகும், உதிப்பதற்கு 20 நிமிடத்துக்கு முன்பும் வானில் இருக்கக் கூடாது. நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் நுழையக் குறைந்தது 5 கிலோமீட்டர் பார்வைத் தூரமும் 1,500 அடிக்கு மேல் மேகத் தளமும் வேண்டும். சென்னையில் இந்த இரண்டும் பெரும்பாலான நாட்களில் கிடைக்கும். கிடைக்காத நாட்களில் பேர்போனது போகி. குப்பையும் டயரும் எரித்த புகை, பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மூட, பெரிய விமானங்களே வானில் வட்டமடித்த ஆண்டுகள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தை விட்டுவிடுங்கள்.

கோடையில் கவனிக்க வேண்டியது கடற்காற்று. காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஏற்ப விமானங்கள் 25-ஆம் ஓடுபாதையில் (எண்ணைப் பத்தால் பெருக்கினால் இறங்கும் திசையின் பாகை), அதாவது கடல் பக்கமிருந்து உள்ளே வந்து இறங்கிக்கொண்டிருக்கும். கடற்காற்று உள்ளே புகுந்ததும் திசை புரண்டு 07-க்கு மாறும். மாறுகிற அந்த அரை மணி நேரத்தில் வானில் உள்ள எல்லோரையும் புதிதாக வரிசைப்படுத்த வேண்டும், மெதுவாக வருகிறவர் தானாகவே வாலுக்குப் போய்விடுவார். இன்னொன்றும் உண்டு. 130 பாகையிலிருந்து 12 நாட் கடற்காற்று வீசினால், 070 திசையில் இறங்கும் உங்களுக்குப் பக்கக்காற்று மட்டும் 10 நாட் வேகத்துக்கு மேல். வால் சக்கர விமானத்துக்கு அது விளையாட்டல்ல. அந்தக் காற்றுக்கு நேரெதிராக 12-ஆம் ஓடுபாதை இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, ஆனால் அது பிரதான ஓடுபாதையைக் குறுக்கே வெட்டுகிறது. உங்களுக்கு அதைக் கொடுக்க வேண்டுமென்றால் மற்றதை நிறுத்த வேண்டும். கேட்பதில் தவறில்லை. கிடைக்கும் என்று நம்பிக் கிளம்புவதுதான் தவறு.

என் தேர்வு: பொங்கல் முடிந்து மார்ச் வரை, அதிகாலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, பத்து மணியை ஒட்டி. பனி கலைந்திருக்கும், வெயிலின் தூக்கிப்போடும் காற்று இன்னும் எழுந்திருக்காது.

வழி: இரண்டு அழகான பொறிகள்

புதுச்சேரியிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 65 கடல் மைல். 70 நாட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வரைபடம் கூட வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு இரண்டு வழிகள் கண்ணை இழுக்கும்.

முதலாவது கடற்கரை. மரக்காணம் உப்பளங்கள், அதன் பிறகு மாமல்லபுரம், இடப்பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. நடுவில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிய வான்பகுதி தடை செய்யப்பட்டது. கரையை ஒட்டியே கண்ணை மூடிக்கொண்டு வந்தால் நேராக அதற்குள் போய் விழுவீர்கள். இரண்டாவது ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும். மதுராந்தகம் ஏரி, செங்கல்பட்டில் கொளவாய் ஏரி என்று அடையாளங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அந்தச் சாலை உங்களை ஒப்படைக்கும் இடம் தாம்பரம் விமானப்படைத் தளம், அதுவும் பயிற்சி விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கும் வானில்.

தாம்பரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடைவெளி சுமார் 11 கிலோமீட்டர்தான். தெற்கிலிருந்து வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுகிற ஓடுபாதை தாம்பரத்தினுடையது. "ஓடுபாதை தெரிகிறது" என்று சொல்லும் அவசரத்தை அங்கே அடக்குங்கள். பல்லாவரம் குன்றுகளுக்கு அப்பால், ஆற்றை ஒட்டி, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஓடுபாதைகள் தெரிந்தால்தான் அது மீனம்பாக்கம். மேற்கே சற்று ஒதுங்கி வரலாமா என்றால், அங்கே அரக்கோணம் கடற்படைத் தளம் தன் பங்கு வானத்தை வைத்திருக்கிறது. ஆகவே வழியை நீங்களாக முடிவு செய்யாமல், திட்டம் கொடுக்கும் முன்பே சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசி, எந்தப் புள்ளியில் எந்த உயரத்தில் நுழைய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கச் சொன்னால் எங்கே வட்டமிடலாம் என்றும் கேளுங்கள். செம்பரம்பாக்கம், போரூர் ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் மேலிருந்து தப்பாமல் தெரியும் அடையாளங்கள். கட்டுப்பாட்டாளர் சொல்லும்போது தேட வேண்டியதில்லாமல் படத்தில் குறித்து வையுங்கள்.

பல்லாவரத்தைக் கடக்கும்போது ஒரு நினைவு. 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திவந்த ஜாக்கோமோ டி'ஆஞ்சலிஸ், சிம்ப்ஸன் நிறுவனத்தில் கட்டுவித்த விமானத்தைப் பறக்கவிட்டது இங்கேதான். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்ததும் ஒரு குட்டி புஸ் மாத் விமானத்தில்தான். மீனம்பாக்கத்துக்குப் பெரிய விமானங்கள்தான் புதியவை.

எரிபொருள்

பகலில் கண்பார்வை விதிப்படிப் பறக்க 30 நிமிடக் கையிருப்பு போதும் என்பது விதி. சென்னைக்கு அது போதாது. மண்டல எல்லையைத் தொடும்போது ஒன்றரை மணி நேர எரிபொருள் தொட்டியில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு: காத்திருக்க அரை மணி, இறங்காமல் மேலேறித் திரும்ப வர கால் மணி, மிச்சம் வேறு ஊருக்குத் திரும்ப. புஷ்பக்குக்கு எட்டாத கணக்கல்ல இது.

சென்னையில் எரிபொருள் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டும் வராதீர்கள். அங்கே குழாயில் பாய்வது ஜெட் எரிபொருள். உங்கள் பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டியது விமானப் பெட்ரோலான அவ்காஸ். இந்தியன் ஆயில் 2022-இல் உள்நாட்டிலேயே அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது, அதற்கு முன் இறக்குமதிதான். இன்றும் சிறு விமானிக்கு அது பீப்பாயில் வருகிற பொருள். முன்னதாக ஏற்பாடு செய்திருந்தாலும், ஊற்றும்போது நீங்கள் அங்கேயே நில்லுங்கள். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். 100 எல்.எல். என்ற அவ்காஸ் வகை மெல்லிய நீலமாக இருக்கும். நீலம் வெளிறியோ நிறமற்றோ இருந்தால் ஜெட் எரிபொருள் கலந்திருக்கலாம். அடியில் முத்து போல ஒரு துளி தனியாக உருண்டால் அது தண்ணீர். கடலோரக் காற்றில் பீப்பாய் பிடித்துவைக்கும் ஈரம். அது நிற்கும் வரை வடித்துவிட்டு, இறக்கையை லேசாக ஆட்டி, மறுபடி வடியுங்கள்.

ரேடியோவில்

முதல் அழைப்பிலேயே நான்கு விஷயங்கள் போய்ச் சேர வேண்டும்: விமான வகை, இருக்கும் இடம், உயரம், ஓடுபாதைக்கு நேராக வரும் இறுதி அணுகலில் உங்களால் தர முடிந்த அதிகபட்ச வேகம். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "புஷ்பக்" என்றதும் இளம் கட்டுப்பாட்டாளர் ஒருவருக்கு அது எத்தனை நாட் வேகத்தில் பறக்கும் என்று தெரிய வேண்டுமென்ற அவசியமில்லை. எண்ணாகச் சொல்லிவிட்டால் அவர் இடைவெளியைச் சரியாக விடுவார்.

உங்களால் முடியாததைச் செய்யச் சொன்னால், "அனேபிள்" (முடியாது) என்ற ஒரு சொல், அதன் பின் ஒரு காரணம். "வேகத்தை 100-க்கு ஏற்று" என்றால் ஏறாது. மன்னிப்புக் கேட்டு வளவளக்காமல் "அனேபிள், அதிகபட்சம் 75" என்று முடித்துவிடுங்கள். புரியாத அனுமதியைப் புரிந்தது போலத் திருப்பிச் சொல்வதுதான் ஆபத்து.

ரேடியோ இறந்துவிட்டால் டிரான்ஸ்பாண்டரில் 7600. பிறகு கோபுரத்தின் விளக்கைப் பாருங்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டு வட்டமிட வேண்டும். விட்டுவிட்டு வரும் பச்சை, இறங்குவதற்காகத் திரும்பி வரச் சொல்கிறது. விட்டுவிட்டு வரும் சிவப்பு, இங்கே இறங்காதே என்கிறது. பார்த்துவிட்டதைக் காட்ட இறக்கையை இரு பக்கமும் ஆட்டுங்கள்.

சுழல்காற்றும் தரை தொடும் இடமும்

இந்தப் பயணத்தில் உயிருக்கு உலை வைக்கக்கூடியது ஒன்று உண்டென்றால், முன்னால் போன பெரிய விமானத்தின் இறக்கை நுனிகள் விட்டுச்செல்லும் சுழல்காற்று. 7,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்கள் எல்லாம் இலகு வகை. நீங்கள் அதில் கடைசி ஆள். நடுத்தர வகைக்குப் பின்னால் உங்களுக்கு 5 கடல் மைலும், கனரக வகைக்குப் பின்னால் 6 கடல் மைலும், ஏ380-க்குப் பின்னால் 8 கடல் மைலும் இடைவெளி தர வேண்டும் என்பது உலக விதி. ஆனால் "முன்னால் போகும் விமானம் தெரிகிறதா, பின்தொடர்க" என்று கட்டுப்பாட்டாளர் சொல்லி நீங்கள் "தெரிகிறது" என்றுவிட்டால், இடைவெளி உங்கள் பொறுப்பாகிவிடும். தெரிந்தாலும் அவசரப்பட்டு ஏற்காதீர்கள்.

சுழல்கள் கீழே இறங்கும். ஆகவே முன்னவர் வந்த சரிவுக்கு மேலேயே இருங்கள். அவர் சக்கரம் தொட்ட இடத்தில் புகை எழும், அதைக் கண்ணால் பிடித்துவைத்து அதற்கு அப்பால் இறங்குங்கள். காற்று அசைவற்ற நாள் பாதுகாப்பானது என்பது தப்புக்கணக்கு. தரையை நெருங்கிய சுழல்கள் மெதுவாக இரு பக்கமும் விலகும். மூன்று, நான்கு நாட் பக்கக்காற்று இருந்தால் அதில் ஒன்றை ஓடுபாதையின் மேலேயே நிறுத்திவைத்துவிடும். இலேசான பக்கக்காற்று வீசும் நாளில் கூடுதலாக ஒரு நிமிடம் கேளுங்கள். கொடுப்பார்கள்.

தொலைவில் இறங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முனையிலேயே தொட்டுவிட்டால், நடக்கிற வேகத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுபாதையிலேயே உருள வேண்டும். உங்கள் பின்னால் ஒரு ஜெட் இறங்க முடியாமல் மேலேறும். ஆகவே எந்த வெளியேறும் பாதை உங்களுக்கு என்று முன்பே கேட்டு, அதற்குச் சற்று முன்னால் தொடுகிற மாதிரித் திட்டமிடுங்கள். "நீண்டு இறங்க அனுமதி" என்று கோபுரத்திடம் கேளுங்கள். அவர்கள் கேட்க விரும்புவதும் அதைத்தான்.

கண்ணை ஏமாற்றும் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். 45 மீட்டர் அகல ஓடுபாதை உங்கள் பழக்கத்துக்கு மிக அகலம். அகலமான பாதைக்கு மேலே இருக்கும்போது, உண்மையில் இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பதாகத் தோன்றும். மூக்கைச் சீக்கிரமே தூக்குவீர்கள். பத்து அடி உயரத்தில் வேகம் வற்றி, விமானம் பொத்தென்று விழுந்து துள்ளும். வால் சக்கர விமானம் துள்ளினால் அடுத்தது பக்கவாட்டில் சுழல்வதுதான். பார்வையை மூக்கில் வைக்காமல் பாதையின் தூர முனையில் வைத்தால் உயரம் சரியாகப் பிடிபடும். மனம் ஒப்பவில்லை என்றால் த்ராட்டிலை முழுதாகத் தள்ளி மேலேறிவிடுங்கள்.

தரையில்

வேகம் முழுதும் அடங்கும் வரை சுக்கான் மிதியில் கால் ஓயக் கூடாது. பாதையை விட்டு வெளியேறிய பிறகே வரைபடத்தைப் பாருங்கள். மூக்கு மறைப்பதால் நீங்கள் பாம்பு போல வளைந்துதான் போக வேண்டியிருக்கும். அதைத் தரைக் கட்டுப்பாட்டிடம் சொல்லிவிடுங்கள், இல்லையேல் பின்னால் வருகிற விமானி உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பார். முன்னால் போய் வழிகாட்டும் ஜீப் கேளுங்கள். எந்த ஜெட்டின் வாலுக்குப் பின்னாலும் போகாதீர்கள். அது சும்மா எஞ்சினை ஓட்டிக்கொண்டு நின்றாலும், வெளிவரும் காற்று ஒரு புஷ்பக்கைக் கவிழ்க்கப் போதும். வழி அப்படித்தான் என்றால் நின்று, அது நகரட்டும் என்று சொல்லுங்கள்.

நிறுத்துமிடத்தில் கட்டிப்போட வளையம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கயிறு, சக்கரக் கட்டை, சுக்கான் பூட்டு எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். எடைக்கு மணல் மூட்டைகளைத் தரைச்சேவையிடம் முன்பே கேட்டு வையுங்கள். டைகர் மாத் என்றால் ஒரு தகரத் தட்டும் கட்டாயம். தலைகீழாகப் பொருத்திய அதன் ஜிப்ஸி எஞ்சின் நின்ற பிறகும் எண்ணெய் சொட்டும். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறை பளபளக்கும் கான்கிரீட்டில் விழுந்தாலும், அரை மணியில் சுத்தம் செய்யும் குழுவும் ஒரு படிவமும் வந்து சேரும்.

திரும்பிப் புறப்படுதல்

கட்டணங்களைக் கட்டிய ரசீது கையில் இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப அனுமதி கேட்க வேண்டாம். புரொபெல்லரைச் சுழற்ற வருகிறவர் உங்களுக்குப் பழக்கமானவராக இருக்கட்டும். அவருக்கும் உள்ளே வர அனுமதிச் சீட்டு முன்பே வாங்க வேண்டும். காத்திருப்புக் கோட்டில் நீண்ட நேரம் நின்றால் காற்றால் குளிரும் எஞ்சின் சூடேறும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி நிற்க அனுமதி கேளுங்கள். ஓடுபாதையின் நடுவிலிருந்து கிளம்பலாமா என்று கோபுரம் கேட்டால் ஏற்கத் தோன்றும், நீளம் மிச்சம் இருக்கிறது. ஆனால் முன்னால் கனரக விமானம் முழு நீளத்தில் கிளம்பியிருந்தால், நடுவிலிருந்து கிளம்பும் உங்களுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று நிமிட இடைவெளி வேண்டும். அதைக் கேட்டு வாங்கிய பிறகு கிளம்புங்கள்.

35 பாகை வெயிலில், கடல் மட்டத்திலேயே காற்று 2,400 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்திருக்கும். ஓட்டத்துக்குக் கவலையில்லை, ஏற்றம் மந்தமாக இருக்கும். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றும் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துத் திரும்புங்கள். மண்டலத்தை விட்டு வெளியேறும் வரை அலைவரிசையை நீங்களாக மாற்றாதீர்கள். புதுச்சேரியில் இறங்கியதும் தொலைபேசியில் அழைத்து விமானத் திட்டத்தை முடித்துவிடுங்கள். முடிக்க மறந்தால் உங்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.